பிரிம்ஃபீல்ட் சந்தைக்குப் போக இருப்பவர்களுக்கு

பொஸ்டன் பக்கம் குடியேறிய நம் திருகோணமலை உறவுகள் சிலர் கேட்டதற்கிணங்க இதனை எழுதுகிறேன். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிம்ஃபீல்ட் என்னும் சிற்றூரில் 1959இல் தொடங்கிய பழம்பொருட் சந்தை, இன்று மே, ஜூலை, செப்டெம்பர் மாதங்களில், செவ்வாய் முதல் ஞாயிறு வரை, 20ஆம் இலக்க நெடுஞ்சாலையின் இருமருங்கிலுமுள்ள புல்வெளிகளில் கூடுகிறது. ஒவ்வொரு வெளிக்கும் உரிமையாளர் வேறு என்பதால் திறக்கும் நாளும் நேரமும் வேறுபடும். சிலவற்றுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு. மழை பெய்தாலும் சந்தை நடக்கும் என்பதால் சேற்றுக்கேற்ற சப்பாத்து அவசியம்.

தளபாடம் வாங்குவோர் மேற்பூச்சின் பளபளப்பில் மயங்காமல், பழமையை அறிய, லாச்சியை (இழுப்பறையை) முழுவதுமாக வெளியே இழுத்து அதன் மூலைகளிலுள்ள மரப் பொருத்துகளைப் பார்க்க வேண்டும். கையால் வெட்டிய பொருத்துகள் ஒன்றுக்கொன்று சற்று ஏறுமாறாக இருக்கும். இயந்திரம் வெட்டியவை அச்சுப்பிசகாமல் ஒரே அளவில் இருக்கும். 1840களுக்கு முந்திய மரத் திருகாணிகளுக்குப் பெரும்பாலும் கூர்முனை இராது. பேரம் பேசலாம், ஆனால் நம்மூர் மீன் சந்தையில் கேட்பதுபோல் எடுத்த எடுப்பில் பாதி விலைக்குக் கேட்பது அழகன்று.

வீட்டிலுள்ள ஒல்லாந்தர் காலச் செப்புக் காசுகளை அங்கு கொண்டுபோய் விற்கலாமா என்றும் ஒருவர் வினவினார். 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்களை அனுமதிப்பத்திரமின்றி இலங்கையைவிட்டு வெளியே கொண்டுசெல்வதை 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தடைசெய்கிறது. எனவே முதலில் தொல்பொருளியல் திணைக்களத்தை நாடுங்கள்.