ஒரு பல்லுக்குப் பெயர் வைக்கப் பட்ட பாடு

ஒரு புதைபடிவப் பல்லைப் பற்றிய என் ஆய்வுக் கட்டுரை ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டது. தெலங்கானாவின் நஸ்கலில், தக்காண எரிமலைப் பாறைகளுக்கு இடைப்பட்ட படிவில் கிடைத்த பல். வயது சுமார் 6.6 கோடி ஆண்டு, நீளம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. களிமண்ணை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தண்ணீர் விட்டுச் சலித்து, மிஞ்சியதை நுண்ணோக்கியில் பொறுக்கியதெல்லாம் வழக்கமான வேலைதான்.

கீழ்க் கடைவாய்ப்பல் என்பது பார்த்ததுமே தெரிந்தது. முன்பாதியில் மூன்று கூர்முகடுகள், பின்பாதியில் தாழ்ந்த ஒரு குழி. நஸ்கல் என்றால் முதல் சந்தேகம் டெக்கனோலெஸ்டிஸ் மேல்தான் விழும். 1988-இல் பிரசாத்தும் சாஹ்னியும் அறிவித்த, இந்தியாவில் கிடைத்த முதல் கிரெட்டேசியஸ் (டைனோசர்களின் கடைசிக் காலம்) பாலூட்டி.

ஒப்பிடப் போனபோதுதான் ஆரம்பித்தது வினை. ஒரு சேகரிப்பில் டெக்கனோலெஸ்டிஸ் பல்லின் வார்ப்பு, அதாவது அச்சு நகல், கேட்டேன். கடிதம், துறைத்தலைவர் கையெழுத்து, மறுபடி கடிதம். வந்த வார்ப்பில் மாதிரி எண்ணே இல்லை! எண் இல்லாததை வைத்துக் கட்டுரையில் ஒரு வரி எழுத முடியாது. நேரில் போனால், "பெட்டி இருக்கு சார், சாவி வைத்திருப்பவர் லீவு" என்றார்கள். கிளம்பும் முன் சாவி யாரிடம் என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த தலைவலி சாஹ்னிதேரியம் என்ற இன்னொரு கிரெட்டேசியஸ் பாலூட்டி. 2003-இல் ஒரு மேல் பல்லை வைத்துப் பெயரிட்டது. என்னிடம் இருப்பதோ கீழ்ப் பல். உலக்கை உரலில் இறங்குவதுபோல மேல் பல்லின் உள்முகடு கீழ்ப் பல்லின் குழியில் உட்கார வேண்டும். படங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பொருத்தினேன். குழி சின்னது, முகடு இறங்கவில்லை. அப்படியானால் இது சாஹ்னிதேரியம் இல்லை. அன்று நன்றாகத் தூங்கினேன்.

தெரிந்த டெக்கனோலெஸ்டிஸ் ஹிஸ்லோபி இனத்தைவிட அளவில் கொஞ்சம் பெரியது என்பதால் புது இனம் என்று அறிவிக்கலாமா என்று ஆசை வந்தது. ஒரே தாடையிலேயே முதல், இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்கள் அளவில் மாறும். தனிப் பல்லை வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது? அதோடு 2007 கதை எல்லோருக்கும் தெரியும்: ஒரே விலங்குக்கு ஒரு குழு பாரத்தேரியம் என்றது, இன்னொரு குழு தக்ஷிணா என்றது, முந்திய பாரத்தேரியம்தான் நின்றது. ஆகவே டெக்கனோலெஸ்டிஸ் சி.எஃப். ஹிஸ்லோபி, அதாவது 'ஹிஸ்லோபி போல இருக்கிறது, உறுதியில்லை' என்று அடக்கமாகப் போட்டேன். மதிப்பீட்டாளர் அந்த இடத்தில் மட்டும் வாயே திறக்கவில்லை.

கடைசியில், பல்லைச் சேகரிப்பில் சேர்ப்பதற்கான பதிவு எண். எழுத்தர் எடை கேட்டார். பதிவேட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம். கடுகளவுப் பல்லுக்கு எடையா! "1 கிராமுக்குக் கீழ்" என்று எழுதச் சொன்னதும் சமாதானமானார். கட்டுரை அனுப்பும் முன்பே இந்த எண்ணை வாங்கிவிடுங்கள். அப்புறம், எண் சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். மூடியில் ஒட்டினால் மூடி மாறிவிடும்.