பதினான்கும் பதினைந்தும்

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதம். சேலம் கடைவீதியில் மாம்பழக் கூடைகள் இன்னும் குறையவில்லை. கணக்கு சார் கரும்பலகையில் இரண்டு சீட்டு எழுதினார். 2 கிலோ மல்கோவா, 3 கிலோ பெங்களூரா, மொத்தம் 120 ரூபாய். அடுத்ததில் 4 கிலோ, 6 கிலோ, 240 ரூபாய்.

"கிலோ என்ன விலைன்னு சொல்லுங்கடா."

மும்முரமாகக் கழித்தோம். பூஜ்யம் சமம் பூஜ்யம் என்று வந்து நின்றது. "ரெண்டாவது சீட்டு புதுசா ஒண்ணும் சொல்லலை. எத்தனை விலை வேணும்னாலும் பொருந்தும்" என்றார் சார். 240-ஐ அழித்து 250 ஆக்கினார். இப்போது பூஜ்யம் சமம் பத்து. எந்த விலையும் பொருந்தாது. அப்புறம், இரண்டாவது சீட்டை வகைக்கு ஒரு கிலோ, மொத்தம் 50 ரூபாய் என்று மாற்றியதும் மல்கோவா 30, பெங்களூரா 20 என்று ஒரே விடை வந்தது.

மறுநாள் மூன்று மாறிகள்.

x + y + z = 6
x + 2y + 3z = 10
x + 3y + 5z = 14

மாறிகளின் கெழுக்களை மட்டும் வரிசையாக எழுதினால் ஓர் அணி; வலப்பக்கத்து 6, 10, 14-ஐயும் சேர்த்தால் விரிவுபடுத்தப்பட்ட அணி. நிரைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, படிக்கட்டு போலப் பூஜ்யங்கள் வரும் ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் கடைசி நிரை முழுக்கப் பூஜ்யம். இரண்டு அணிகளின் தரமும், அதாவது முழுக்கப் பூஜ்யமாகாமல் மிஞ்சும் நிரைகளின் எண்ணிக்கையும், 2; மாறிகள் 3. ஒன்றை நம் இஷ்டத்துக்கு வைக்கலாம்: z = t என்றால் y = 4 − 2t, x = 2 + t. தீர்வுகளுக்கு முடிவே இல்லை. 14-ஐ 15 ஆக்கினால் கடைசி நிரையில் 0, 0, 0, 1. விரிவுபடுத்திய அணியின் தரம் மட்டும் 3 ஆகிவிடும், ஒருங்கமைவு அற்றது, அதாவது தீர்வே இல்லை. தரம் இரண்டிலும் 3 என்றால்தான் ஒரே தீர்வு. இந்த விதிக்குப் பெயர் தந்த கணித அறிஞர்கள் ரூஷே, கபெல்லி என்பதைச் சார் கடைசியில்தான் சொன்னார்.

எனக்கு உண்மையில் புரிந்தது அட்டையால்தான். மூன்று மாறிகளில் ஒவ்வொரு சமன்பாடும் ஒரு தட்டையான தளம்; மூன்றும் சேரும் இடமே தீர்வு. நோட்டின் மூன்று தாள்களை விரித்துக் காட்டினார்; மூன்றும் முதுகுக் கோட்டில் சேர்ந்தன. அது 14 இருந்த கணக்கு. அப்புறம் மூன்று அட்டைகளை முக்கோணக் கூடாரம் போல நிறுத்தச் சொன்னார். இரண்டிரண்டாகச் சந்தித்தன, மூன்றும் ஓரிடத்தில் சேரவில்லை. அது 15 ஆக்கிய கணக்கு. ஒரே தீர்வுக்கு வகுப்பறையின் மூலையைக் காட்டினார்: இரண்டு சுவர், ஒரு தரை, ஒரு புள்ளி. பக்கத்து ஜன்னலில் சேர்வராயன் மலை தெரிந்தது.

இப்போது நான் பாலங்கள் வடிவமைக்கிறேன். போன மாதம் கணினி, அணி பூஜ்யக்கோவை, அதாவது தரம் குறைந்து ஒரே விடை தராதது, என்று நின்றுவிட்டது. எண்களைத் தொடவில்லை, தரம் ஏன் குறைந்தது என்று தேடினேன். ஒரு பாலத்தின் மாதிரியில் கிடைமட்டப் பிடிப்பு விடுபட்டிருந்தது. பாலம் மொத்தமாக நகரலாம், ஆகவே ஒரே விடை கிடையாது. பிடிப்பைச் சேர்த்ததும் விடை வந்தது.

அன்று மூன்றாவது அட்டையைப் பிடித்து நின்றவர் யாரென்று எனக்கு நினைவில்லை. அவர் நீங்களாக இருந்து, நம் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரைப் படித்தால் சங்க முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள்.