திறைசேரி உண்டியல் வாங்கப் போகும்போது

வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட மாட்டோம் என்று 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் அறிவித்த பிறகு, கொழும்பில் கையில் நாலு காசு வைத்திருந்தவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம் நிலையான வைப்பை உடைத்துக்கொண்டு நகை வாங்கச் செட்டியார் தெருவுக்கு நடந்தது. மற்றப் பக்கம் வங்கியையும் நம்பாமல், கடன் கட்டாத அதே அரசாங்கத்துக்கே நேரடியாகக் கடன் கொடுக்கப் போனது. கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் அதற்கு ஒரு கணக்கு உண்டு. அரசாங்கத்திடம் இல்லாமல் போனது டொலர். திறைசேரி உண்டியல், அதாவது ஒரு வருடத்துக்குள் முடியும் அரசாங்கக் கடன் பத்திரம், ரூபாய்க் கடன். ரூபாய்க் கடனில் முதலில் பயப்பட வேண்டியது காசு வராமல் போவதற்கல்ல, வரும் காசுக்கு மதிப்பில்லாமல் போவதற்கு. 2022இன் பிற்பகுதியில் உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, உண்மைதான். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி ஒரு வருடத்துக்குள் 70 சதவீதமளவில் ஏறியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2023 ஜூன் கடைசியில் வந்த விடுமுறையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 29 ஹஜ்ஜுப் பெருநாள், 30 திடீர் வங்கி விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு, திங்கள் போயா. ஐந்து நாள் வங்கி திறக்கவில்லை. அதற்குள் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. வைப்புகளைத் தொடவில்லை. பொதுமக்களின் கையிலிருந்த உண்டியல்களையும் தொடவில்லை. மத்திய வங்கி வைத்திருந்த உண்டியல்கள் நீண்டகாலக் கடனாக மாறின. ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வுகால நிதியங்கள் தங்களிடமிருந்த பழைய முறிகளை, அதாவது அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரங்களை, கொடுத்துப் புதியவற்றை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நினைத்தவுடன் எடுக்க முடியாத காசில்தான் கைவைத்தார்கள் என்பது எங்கள் வாசிப்பு. 91, 182, 364 நாளில் முடியும் குறுகிய உண்டியலையே பலர் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போகுமுன் ஒன்றைப் பாருங்கள். உரிமம் பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ உள்ள வைப்புக்கு, ஒரு நிறுவனத்தில் ஓர் ஆளுக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. மொத்தமாக எட்டு, ஒன்பது இலட்சம் வைத்திருப்பவர் பயத்தினால் மட்டும் உண்டியலுக்கு ஓட வேண்டியதில்லை. கூடுதலாக இருந்தால் இரண்டு மூன்று நிறுவனங்களாகப் பிரித்து வைப்பதும் ஒரு வழி. வட்டி எவ்வளவு என்று கேட்குமுன், மத்திய வங்கியின் உரிமப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மக்களிடம் வைப்பு வாங்கி 2008இல் விழுந்த கோல்டன் கீ என்ற கம்பனி அந்தப் பட்டியலில் இருந்த நிறுவனமல்ல.

உண்டியல் கழிவில், அதாவது முகப்பெறுமதியைவிடக் குறைந்த விலைக்கு, விற்கப்படும். 364 நாள் உண்டியல் 8 சதவீதத்துக்குக் கிடைத்தால், முகப்பெறுமதி ஒரு இலட்சத்துக்கு இன்று கட்டுவது 92,593 ரூபாய் அளவில். முடிவில் ஒரு இலட்சம் வரும், இடையில் வட்டி எதுவும் வராது. மாதாமாதம் வட்டி எடுத்து வீட்டுச் செலவைப் பார்ப்பவர்களுக்கு இது சரிவராது.

மத்திய வங்கி உண்டியல் விற்கும் ஏலம் வழக்கமாகப் புதன்கிழமை நடக்கும், காசு தீர்ப்பது வெள்ளி. ஏலத்தில் நாம் நேரே கேட்க முடியாது, அதற்கு அனுமதி பெற்ற முதனிலை வணிகர் மூலமாகத்தான். சில வங்கிகளுக்குள் அதற்கென்று தனிப் பிரிவு உண்டு, தனிக் கம்பனிகளும் உண்டு. பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. புதன் மாலை வெளியாகும் சராசரி விளைவு வீதம், அதாவது ஏலத்தில் விழுந்த சராசரி வட்டி, அப்படியே நமக்குக் கிடைக்காது. வணிகர் தன் பங்கை எடுத்துக்கொண்டு கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார். அந்த இடைவெளி இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால் ஒரே நாளில் மூன்று பேரிடம் விலை கேட்பது நல்லது. ஆகக்குறைந்த தொகையும் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி. போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கோட்டைக்குப் போனால் பஸ் காசு மிச்சம்.

கணக்குத் திறக்க அடையாள அட்டைப் பிரதி, முகவரிச் சான்று, காசு வந்து போகும் வங்கிக் கணக்கின் விபரம், வருமான மூலம் எழுதிய படிவம் ஆகியவை தேவை. பார்வைக்குச் சின்ன வேலை, இழுபடுவதும் இங்கேதான். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகைக்கு இருப்பவர் வீட்டில் கரண்ட் பில் வீட்டுக்காரரின் பெயரில் வரும். அதற்குப் பதிலாக, உங்கள் பெயரும் முகவரியும் உள்ள அண்மைய வங்கிக் கூற்றை ஏற்பார்களா, கிராம சேவகர் சான்று கேட்பார்களா என்று முன்னரே கேட்டு வையுங்கள். அடுத்தது நம் பெயர். அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு முழுப்பெயர், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து, பிறப்புச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டல் என்று இருக்கும். உண்டியல் ஒரு பெயரிலும் வங்கிக் கணக்கு இன்னொரு பெயரிலும் இருந்தால் முடிவு நாளில் காசு திரும்பிப் போகலாம். முதலிலேயே சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி எழுதி, இரண்டும் ஒரே ஆள் என்று கோப்பில் போட்டுவிடுங்கள். பழைய ஒன்பது இலக்க அட்டை போய்ப் பன்னிரண்டு இலக்கம் வந்தவர்களும் இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுக்க வேண்டும். முடிந்தால் கணவன் மனைவி இணைக் கணக்காகத் திறப்பது வசதி.

இனி முக்கியமான இடம். உத்தியோகத்தர் "மூன்று மாதத்துக்குப் போடலாம், இந்த வீதம் தருகிறோம்" என்பார். அது உண்டியலை உங்களுக்கு முழுதாக விற்பதா, அல்லது பிறகு திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லி விற்கும் மீள்கொள்வனவா? வணிகரிடம் வேலை செய்பவர்கள் இரண்டாவதை 'ரெப்போ' என்பார்கள். முதலாவதில் நீங்கள் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கிறீர்கள். இரண்டாவதில் கடன் போவது அந்த வணிகருக்கு, உண்டியல் வெறும் ஈடு. ரெப்போ மோசமானதல்ல, குறுகிய நாளுக்கு வசதியானதும்கூட. ஆனால் அந்த ஈடு உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது கம்பனி தந்த ஒரு துண்டுக் கடதாசிதான். 2016இல் என்ட்ரஸ்ட் செக்யூரிட்டீஸ் என்ற முதனிலை வணிகர் விழுந்தபோது வெளியே வந்ததும் இதுதான்: முதலீட்டாளர் கொடுத்த காசுக்கு ஈடான அரச பிணையங்கள் அங்கே இருக்கவில்லை. எனவே ஒப்பந்தக் கடதாசியில் 'முழு விற்பனை' என்றா, 'மீள்கொள்வனவு' என்றா எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையொப்பம் வையுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் யாரிடமாவது காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்வதில் வெட்கமில்லை.

2004இலிருந்து உண்டியலுக்குக் கடதாசிப் பத்திரம் கிடையாது. உங்கள் பங்கு மத்திய வங்கியின் லங்காசெக்யுவர் என்ற மின்பதிவில் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் இருக்கும். வணிகர் அந்தக் கணக்கைத் திறந்து தருவார், பதிவை வைத்திருப்பது மத்திய வங்கி. ஆகவே வணிகர் அனுப்பும் ஈமெயிலை மட்டும் நம்பியிருக்காதீர்கள். லங்காசெக்யுவர்நெட் என்ற இணைய வசதிக்குப் பதிந்துகொண்டால் நீங்களே உள்ளே போய்ப் பார்க்கலாம். பார்க்க வேண்டியவை உண்டியலின் அடையாள எண், முகப்பெறுமதி, முடிவுத் திகதி. மூன்றும் வணிகரின் கடதாசியோடு ஒத்துப்போக வேண்டும். காசு கட்டி இரண்டு வேலை நாள் கழிந்தும் அங்கே ஒன்றும் தெரியாவிட்டால் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் மத்திய வங்கியின் முறைப்பாட்டு இலக்கம் 1935.

காசைக் கையில் கொடுக்க வேண்டாம். வங்கி மாற்றலோ, கம்பனியின் பெயருக்குக் குறுக்குக் கோடிட்ட காசோலையோதான். காசோலை மாறும்வரை வாங்கல் நடக்காது என்பதால் வெள்ளிக்கிழமைத் தீர்ப்புக்கு வெள்ளி காலை காசோலை கொண்டுபோவதில் பயனில்லை.

இடையில் காசு தேவைப்பட்டால் விற்கலாம், அன்றைய சந்தை விலைக்கு. வட்டி ஏறியிருந்தால் உங்கள் உண்டியலின் விலை இறங்கியிருக்கும், வாங்கிய விலைகூடக் கிடைக்காமல் போகலாம். நிலையான வைப்பை உடைத்தால் வட்டிதான் குறையும், முதல் குறையாது என்ற பழக்கத்தில் வருபவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று வைத்த காசை 364 நாள் உண்டியலில் போடாதீர்கள்.

வட்டிக்கும் கழிவுக்கும் முற்கூட்டியே பிடிக்கும் வரி 2023 ஜனவரியிலிருந்து 5 சதவீதம், 2025 ஏப்ரலிலிருந்து 10 சதவீதம். உண்டியலையும் நிலையான வைப்பையும் ஒப்பிடும்போது இரண்டிலும் வரி கழித்த தொகையைக் கேளுங்கள். வரிப் பிடிப்புக்கான சான்றையும் வாங்கி வையுங்கள்.

முடிவுத் திகதிக்கு ஒரு கிழமை முன் என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் அறிவியுங்கள். கணக்குத் திறக்கும் படிவத்தில், வேறு அறிவித்தல் இல்லாவிட்டால் மறுபடி முதலிடலாம் என்ற ஒரு வரி சின்ன எழுத்தில் இருக்கலாம். அதை வெட்டி, பக்கத்தில் கையொப்பம் வைத்து, பிரதி எடுத்த பிறகுதான் படிவத்தைக் கொடுக்க வேண்டும்.