கேமராவை அசைக்காதீர்கள்: விஆரில் நேரலை விளையாட்டு பற்றிச் சில எண்ணங்கள்

விஆர் (மெய்நிகர் உண்மை) ஹெட்செட்டை அணிந்துகொண்டு நேரலை ஆட்டங்களைப் பார்ப்பது குறித்த பேச்சு, பெரும்பாலும் மைதானத்திலேயே உட்கார்ந்திருப்பதைப் போன்ற உணர்வு கிடைக்கும் என்ற விளம்பர வாசகத்தோடு நின்றுவிடுகிறது. அந்த உணர்வு எந்த விளையாட்டில் கிடைக்கிறது, எதில் கிடைப்பதில்லை, அதற்கு என்ன காரணம் என்பதையெல்லாம் விளக்கிச் சொல்பவர்கள் குறைவு. இந்தத் தொழில்நுட்பத்தால் ரசிகருக்கு வாய்க்கக்கூடிய பெரும்பேறு ஒரு நல்ல இருக்கைதான் என்பதும், தொலைக்காட்சிப் பழக்கத்தை விட முடியாத தயாரிப்பாளர்களே அந்த இருக்கையை நம்மிடமிருந்து பறித்துவிடுகிறார்கள் என்பதும் என் உறுதியான கருத்து.

2015 அக்டோபர் 27 அன்று அமெரிக்கக் கூடைப்பந்து அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் பருவத் தொடக்க ஆட்டத்தை நெக்ஸ்ட்விஆர் நிறுவனம் விஆரில் நேரலையாக ஒளிபரப்பியது. கூடைப்பந்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். இவ்வகைக் கேமராவில் மனிதக் கண்களுக்கு நடுவே உள்ள ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியிலேயே இரண்டு லென்சுகள் பொருத்தப்படுகின்றன. இரண்டும் தனித்தனியே பதிவு செய்யும் காட்சிகளுக்கு இடையிலான நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டுதான் மூளை ஆழத்தை உணர்கிறது. கூடைக்குக் கீழே வைக்கப்பட்ட கேமராவின் வழியே பார்க்கும்போது, பந்தை எறிய எழும்பும் வீரரின் விரல் நுனிக்கும் அதைத் தடுக்க நீளும் கைக்கும் நடுவே எஞ்சியிருக்கும் ஒரு சாண் இடைவெளி கண்ணெதிரே தெரிகிறது. தொலைவிலிருந்து இழுத்துப் பிடிக்கும் தொலைக்காட்சி லென்சு அந்த இருவரையும் ஒரே தளத்தில் ஒட்டிவைத்தாற்போலத் தட்டையாக்கிவிடும். பந்து வலைக்குள் திணிக்கப்பட்ட பிறகு வளையம் சில கணங்கள் அதிர்ந்துகொண்டிருப்பதைக்கூட, எல்லோரும் மறுமுனைக்கு ஓடிய பின்னரும் நின்று பார்க்க முடிகிறது. எங்கே பார்ப்பது என்பதை நாமே முடிவு செய்யும் உரிமை இதுவரை நேரில் சென்றவர்களுக்கு மட்டுமே இருந்தது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இதே மகிழ்ச்சி ஏன் கிட்டுவதில்லை என்பதற்குக் கணக்கே விடை சொல்கிறது. எல்லைக் கோட்டில் கேமராவை வைத்து, மட்டையாளர் அங்கிருந்து 70 மீட்டர் தொலைவில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 1.8 மீட்டர் உயரமுள்ள ஒருவர் அந்தத் தொலைவில் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை உயரமே தெரிவார். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகைக்குள் சுமார் 60 பிக்சல்களை, அதாவது திரையின் மிகச் சிறிய புள்ளிகளை, பிரித்தறியக்கூடியது. மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட்டோ ஒரு பாகைக்கு ஏறத்தாழ 25 பிக்சல்களைத்தான் காட்டுகிறது. ஆகவே மட்டையாளரின் முழு உருவமும் 37 பிக்சல் உயரத்துக்குள் அடங்கிவிடும், ஏழு சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்துக்கு ஒன்றரை பிக்சல் மிஞ்சும். ஆழத்தின் நிலை இன்னும் மோசம். 70 மீட்டரில் ஒருவரும் 90 மீட்டரில் ஒருவருமாக ஆடுகளத்தின் இரு முனைகளில் நிற்கும்போது, நம் இரு கண்களுக்கும் காட்டப்படும் வேறுபாடு ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கூடைப்பந்தில் மூன்று மீட்டரிலும் நான்கு மீட்டரிலும் நிற்கும் இருவருக்கு அதே வேறுபாடு ஏழு பிக்சல்களைத் தாண்டும். எனவே எல்லைக் கோட்டிலிருந்து கிரிக்கெட்டை விஆரில் பார்ப்பது, பெரிய பச்சை ஓவியத்துக்கு முன்னால் அமர்ந்திருப்பதற்கு ஒப்பானது.

அப்படியானால் ஜூம் செய்யலாமே என்று கேட்கலாம். செய்ய முடியாது. நாம் தலையைத் திருப்பும் பாகையும் காட்சி நகரும் பாகையும் ஒன்றாக இருக்கும்வரைதான் உடல் அந்த இடத்தை நம்புகிறது. ஜூம் செய்த மறுகணமே அந்தப் பொருத்தம் குலைந்து, உலகமே மிதப்பதுபோல் தோன்றித் தலை சுற்றத் தொடங்கும். ஆகவே கேமரா ஆட்டத்துக்கு அருகில் போயாக வேண்டும், அல்லது ஆட்டமே சிறிய களத்தில் நடக்க வேண்டும். 13.4 மீட்டர் நீளமுள்ள இறகுப்பந்து ஆடுகளமும், குத்துச்சண்டை மேடையும், 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட கபடிக் களமும் இதற்கென்றே அளவெடுத்தவை. பாடிச் செல்பவரின் குதிகால் போனஸ் கோட்டைத் தாண்டியதா என்பதைத் தரையோடு ஒட்டிய இரட்டை லென்சின் வழியே பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நல்ல இடத்தில் கேமரா அமைந்த பிறகும் ஆட்டம் பாழாவது வெட்டுகளால்தான். தொலைக்காட்சி இயக்குநர் சில வினாடிகளுக்கொருமுறை கோணத்தை மாற்றுவார், நாமும் அதைக் கவனிக்காமலேயே பின்தொடர்வோம். ஹெட்செட்டுக்குள் ஒவ்வொரு வெட்டும் நம்மைத் தூக்கி வேறிடத்தில் வைக்கிறது. எந்தக் கூடை எந்தப் பக்கம், யார் எந்தத் திசையில் ஓடுகிறார்கள் என்று மறுபடியும் முதலிலிருந்து கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது, அதற்குள் பந்து கைமாறிவிடுகிறது. கேமராவைக் கம்பியில் தொங்கவிட்டு ஓடச் செய்வது இதைவிடக் கொடுமை: கண் நகர்வைக் காண்கிறது, காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு அசைவே இல்லை என்கிறது, வயிறு இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. ஆட்டம் நிற்கும்வரை இருக்கை மாறக் கூடாது, மாற்றுவதாக இருந்தால் அதைப் பார்வையாளரே செய்ய வேண்டும். ரீப்ளேக்கு முழுக் காட்சியையும் மறைக்கத் தேவையில்லை. ஓரத்தில் மிதக்கும் ஒரு சிறு திரை போதும்.

படம் பிடித்த காட்சிக்குப் பதிலாக அளவீடுகளிலிருந்து உருவாக்கப்படும் இருக்கை என்றொரு வழியும் வளர்ந்து வருகிறது. 2022 கால்பந்து உலகக் கோப்பையில் ஆஃப்சைடு முடிவுகளுக்காக 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 இடங்களை வினாடிக்கு 50 முறை அளந்தன. இத்தகைய தரவிலிருந்து ஆட்டத்தை அப்படியே மறுபடைப்புச் செய்யலாம்; 2023 அக்டோபர் 1 அன்று லண்டனின் வெம்ப்ளியில் நடந்த என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டம் அவ்வாறு அசைவூட்ட உருவங்களாக உடனுக்குடன் ஒளிபரப்பப்பட்டது. கிரிக்கெட்டுக்கு இதுவே மீட்சி என்று நம்புகிறேன், ஏனெனில் மட்டையாளர் நிற்கும் இடத்திலேயே நின்று, வரும் பந்தின் வேகத்தை உணர்வதற்கு வேறு வழியில்லை. ஆனால் மூன்று ரன் தேவைப்படும் கடைசி ஓவரில் பந்துவீச்சாளரின் முகத்தில் ஓடும் கலக்கத்தை எந்தத் தரவுப் புள்ளியும் சுமப்பதில்லை. இரண்டும் வேண்டும்.

தனிமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரை கிலோ எடையை முகத்தில் சுமந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க முடியாமல் வெற்றியைக் கொண்டாடுவது எனக்கு இன்னமும் இயல்பாக வரவில்லை. காஸ்ம் நிறுவனம் 2024இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் திறந்த, சுமார் 26 மீட்டர் விட்டமுள்ள எல்இடி குவிமாட அரங்கு இதற்கு ஒரு விடை: ஆழ உணர்வு குறையும், கூட்டம் கிடைக்கும். ஆனால் படியேற முடியாதவர்களுக்கும், நோய்ப் படுக்கையில் இருப்பவர்களுக்கும், கூட்டத்தின் இரைச்சலைத் தாங்க முடியாதவர்களுக்கும் குவிமாடம் பயன்படாது; அவர்களுக்கு ஹெட்செட் மட்டுமே மைதானத்தின் வாசல். லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் சில ஆட்டங்களை 2025-26 பருவத்தில் ஆப்பிள் விஷன் புரோ ஹெட்செட்டில் நேரலையாக வழங்குவதாக அறிவிப்பு வந்தபோது, எத்தனை கேமராக்கள் என்பதைவிட, ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் உட்காரவிடுவார்கள் என்பதை அறியவே விரும்பினேன். தயாரிப்புக் குழுவில் இருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், முழு ஆட்டத்துக்கும் வெட்டே இல்லாத ஓர் ஒளிபரப்பை, வர்ணனையை அணைத்துவிட்டு அரங்கின் ஒலியை மட்டும் கேட்கும் வசதியோடு, தனியாக வழங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.