குளிருக்கும் ஷிப்ட் உண்டு

வெப்பமானி இறங்க இறங்க முகம் மலர்கிற ஒரு மனிதரை வடக்கு டகோட்டாவில்தான் முதன்முதலில் பார்த்தேன். நான் வேலை செய்த சர்க்கரை ஆலையில் அவர் யார்டு மேற்பார்வையாளர். ஒரு ஜனவரி மாதத் திங்கட்கிழமை, காலைக் கூட்டத்தில் அந்த வாரத்து வானிலையை வாசித்தார்கள். இன்று மைனஸ் 6. நாளை பனிப்பொழிவு. புதன்கிழமை காற்று. வியாழன் இரவு மைனஸ் 32. பராமரிப்புப் பிரிவில் எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டார்கள். அவர் மட்டும், பந்தி நிறைந்துவிட்டதைப் பார்த்த பெண்ணின் அப்பா மாதிரி, நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு "நல்ல வாரம்" என்றார்.

நான் கருவிகள் பிரிவுக்காரன். அழுத்தம், வெப்பம், தொட்டியில் நீர்மட்டம் இதையெல்லாம் அளந்து கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு அனுப்பும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. கடலூர் மாவட்டத்தில் ஒரு கரும்பாலையில் தொடங்கியவன். பிறகு ஒரு ஆட்டோமேஷன் கம்பெனிக்கு மாறி, அதன் வழியாக ஒரு பருவம் முழுக்க ரெட் ரிவர் பள்ளத்தாக்குக்கு அனுப்பப்பட்டேன். பள்ளத்தாக்கு என்பது பெயரில்தான். பனி யுகத்தின் முடிவில் அகாசிஸ் என்ற மாபெரும் ஏரி கிடந்து வற்றிய தரை அது. தோசைக்கல் மாதிரி இருக்கும். குன்று கிடையாது, பாறை கிடையாது. வட துருவத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முள்கம்பி வேலி மட்டும்தான் என்று உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

அந்த மண்ணில் விளைவது சுகர் பீட். நம் பீட்ரூட்டுக்குப் பங்காளி. ஆனால் வெள்ளையாக, முள்ளங்கியை ஊதிவிட்டதுபோல இருக்கும். கரும்பில் பழகியவனுக்கு அங்கே நடப்பது முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நம் ஊரில் கட்டிங் ஆர்டர் வாங்கி, வெட்டி, வண்டியேற்றி, ஒரு நாளுக்குள் அரவைக்குப் போட வேண்டும் என்று துடிப்போம். வெயிலில் காய்ந்தால் எடை குறையும், பிழிதிறன் இறங்கும். அங்கேயோ அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில், இரவு பகலாக, மொத்தப் பீட்டையும் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். பிறகு தரை உறைந்துவிடும், தோண்ட முடியாது. எடுத்ததையெல்லாம் திறந்தவெளியில் இருபதடிக்கு மேல் உயரமாகக் குவித்து, அடுத்த மே மாதம் வரை ஆலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறார்கள்.

இதைப் போனில் சித்தப்பாவிடம் சொன்னேன். கேன் யார்டில் முப்பது வருஷம் டோக்கன் போட்டவர். "ஏழு மாசமா? மேல கூரை கூட இல்லாமயா? டேய், கதை விடாத" என்றார்.

கதை இல்லை. ரகசியம் குளிர்தான். தோண்டி எடுத்த பிறகும் பீட்டுக்கு உயிர் உண்டு. அது மூச்சுவிடும். தன்னிடம் இருக்கும் சர்க்கரையையே தின்று வெப்பத்தை வெளிவிடும். குவியலின் நடுவில் அந்த வெப்பம் சேர்ந்தால் அழுகல் தொடங்கும். அதனால் குவியலுக்கு அடியில் துளைபோட்ட பெரிய குழாய்களைப் புதைத்து, ராட்சத விசிறிகளால் வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறார்கள். வெளியே நல்ல குளிர் இருந்தால் குவியல் கல்லாக உறைந்துவிடும். உறைந்த பீட் மூச்சுவிடாது, சர்க்கரையைத் தின்னாது. பயமெல்லாம் அது இளகுவதைப் பற்றித்தான். உறைந்து இளகிய பீட்டில் பாக்டீரியா புகுந்தால் கோந்து மாதிரி ஒரு பிசின் உண்டாகி வடிகட்டிகளை அடைத்துவிடும். அந்த ஆண்டு டிசம்பர் மிதமாகப் போனதால் சில குவியல்களின் வயிறு இன்னும் உறையவில்லை. மைனஸ் 32 என்றதும் யார்டு மேற்பார்வையாளரின் முகம் ஏன் மலர்ந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊர் பூராவும் திட்டுகிற குளிர் அவருக்குச் சம்பளம் கேட்காத ஆள்.

செவ்வாய்க்கிழமை வந்ததை 'ஆல்பர்ட்டா கிளிப்பர்' என்பார்கள். கனடாவின் ராக்கி மலைகளுக்குக் கிழக்கே உருவாகி, சமவெளியில் வேகமாக ஓடிவரும் சிறு புயல். கடலைப் பார்க்காத புயல் என்பதால் ஈரம் குறைவு. மூன்று அங்குலம் பனிதான் விழுந்தது. குளிரில் விழும் பனி பஞ்சு மாதிரி. பிடித்து உருண்டை செய்ய வராது. காரின் மேல் கிடந்ததை வாயால் ஊதியே தள்ளினேன். இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன். கிளிப்பர் பனியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும், அதைக் கையாளும் ஆள் மறுநாள் வருவார் என்று எனக்குத் தெரியாது.

புதன் காலை அந்த ஆள் வந்தார். வடமேற்கிலிருந்து காற்று. வானத்திலிருந்து ஒரு துளி பனி விழவில்லை. அண்ணாந்து பார்த்தால் நீலம். ஆனால் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குப் பால் ஓடுகிற மாதிரி பனித்தூள் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே இதை 'கிரவுண்ட் பிளிஸார்டு' என்கிறார்கள். மணிக்கு 35 மைல் காற்று, கால் மைலுக்குள் பார்வை மறைவது, இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரம் நீடித்தால் அமெரிக்க வானிலைத் துறையின் கணக்கில் அது பிளிஸார்டு. புதுப்பனி விழ வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. ஆலையின் புகைபோக்கி உச்சி வெயிலில் பளபளக்கிறது, அதன் அடி தெரியவில்லை. யார்டில் நின்ற லோடரின் கூரை மட்டும் மிதந்து போவதைப் பார்த்தேன்.

மதியத்துக்குள் நெடுஞ்சாலை நுழைவுகளில் தடுப்புக் கதவுகளை இறக்கிவிட்டார்கள். அடுத்த ஷிப்ட் வர முடியாது. உள்ளே இருப்பவர்கள் வீட்டுக்குப் போக முடியாது. ஆலையை நிறுத்தவும் முடியாது. குழாய்களில் ஓடும் சாறும் நீரும் நின்றால் உறையும், உறைந்தால் குழாய் வெடிக்கும். ஆகவே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் இருபத்திரண்டு மணி நேரமானது. கேன்டீனில் ரொட்டி தவிர எல்லாம் தீர்ந்து, யாரோ லாக்கரில் வைத்திருந்த சூப் டப்பாக்கள் வெளியே வந்தன. என் பையில் புளிக்காய்ச்சல் பாட்டில் ஒன்று இருந்தது. அதை ரொட்டியில் தடவித் தின்றவர்கள் மூன்று பேர். ஒருவர் இரண்டாம் முறை கேட்டார்.

வியாழன் மதியம் சாலை திறந்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பார்த்தால் வயலோரத்துப் பனி கறுப்பாக இருந்தது. பீட்டைத் தோண்டிய வயலில் பயிரின் தாள்கூட மிச்சமிருக்காது. அந்த வெறும் மண்ணைக் காற்று வாரிப் பனியோடு குழைத்துவிடுகிறது. இதற்கு அங்கே 'ஸ்னர்ட்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பனிக்கும் அழுக்குக்குமான ஆங்கிலச் சொற்களை ஒட்டுப்போட்டது. சாலையில் உப்புத் தூவவில்லை, மணல்தான். அவ்வளவு குளிரில் வெறும் உப்பு வேலை செய்யாது. அதற்காக உப்புக்கரைசலோடு பீட் கழிவுப் பாகைக் கலந்து சாலையில் தெளிப்பதும் உண்டு. நாங்கள் காய்ச்சிய சர்க்கரையின் மிச்சம் என் கார் டயரில் ஒட்டியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

காற்று நின்றிருந்தது. சூரியன் கோட்டை கட்டியிருந்தது. நம் ஊரில் நிலா கோட்டை கட்டினால் மழை வரும் என்போம். இங்கே சூரியனைச் சுற்றி வளையம், வளையத்தின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு போலிச் சூரியன். காற்றில் மிதக்கும் பனிப்படிகங்கள் செய்கிற வேலை. அழகுதான். ஆனால் தெளிந்த வானமும் நின்ற காற்றும் தரையில் பனிப் போர்வையும் சேர்ந்தால் இரவில் வெப்பம் முழுக்க மேலே ஓடிவிடும். புதன்கிழமை மைனஸ் 26 டிகிரியும் மணிக்கு முப்பது மைல் காற்றும் சேர்ந்து உடம்புக்கு மைனஸ் 43 மாதிரி இருந்தது. பத்து நிமிடத்தில் தோல் உறையும். அந்தக் கணக்கு தோலுக்குத்தான், குழாய்க்கு அல்ல. காற்று அடித்தால் குழாய் சீக்கிரம் குளிரும், ஆனால் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. அதனால் புதன்கிழமை என்னைப் பயமுறுத்திய குளிரைவிட வியாழக்கிழமையின் அமைதியான மைனஸ் 32 குழாய்களுக்குக் கெட்டது. இதை நான் அன்றைக்கே படித்துச் சொல்லியிருப்பேன். தெரிந்து வைத்திருப்பது வேறு, இரவு மூன்று மணிக்கு அது ஞாபகம் வருவது வேறு.

அன்று இரவு எனக்கு ஷிப்ட். ஆலைக்கு வெளியே நிற்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்றின் மட்டம் திரையில் ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. இலக்கு 62 சதவீதம், கோடு 61.8. ஒரு சிலும்பல் இல்லை. இரண்டு வாரமாக அந்தக் கட்டுப்பாட்டைச் சீர்செய்து கொண்டிருந்தவன் நான். கடைசியில் படிந்துவிட்டது என்று உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியும்விட்டேன்.

மூன்று மணிவாக்கில் பாய்லர் பக்கமிருந்து ஒரு மூத்த ஆபரேட்டர் காபிக்கு வந்தார். கோப்பையோடு என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தத் தொட்டி ஏன் மூச்சுவிடவில்லை?" என்று கேட்டார்.

பம்ப் ஓடும் தொட்டியில் தண்ணீர் ஒருநாளும் அப்படி நிற்காது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். தொட்டிக்கும் கருவிக்கும் நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு குழாய் உண்டு. அதில் நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தை வைத்துத்தான் மட்டம் தெரியும். அது உறையாமல் இருக்க மேலே சூடேற்றும் மின்கம்பி சுற்றியிருக்கும். புதன்கிழமைக் காற்றில் மாவு மாதிரிப் பறந்த பனி, மின்பெட்டியின் காற்றுத் துளை வழியாக உள்ளே புகுந்து, உருகி, பிரேக்கரைத் தட்டிவிட்டிருந்தது. குழாய் உறைந்து 61.8-இல் நின்றுவிட்டது. இலக்குக்கு ஒரு இம்மி குறைகிறதே என்று கம்ப்யூட்டர் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போயிருக்கிறது. வால்வுக்கும் திரையில் ஒரு கோடு உண்டு, அது ஏறிக்கொண்டே இருந்தது. நான் அழகான கோட்டை மட்டும்தான் பார்த்தேன்.

தொட்டி நிரம்பி வழிந்து எவ்வளவு நேரம் ஆனதோ! பம்ப் அறையின் கதவு முழங்கால் உயரத்துக்குப் பனிக்கட்டியில் பதிந்திருந்தது. வழிந்துகொண்டிருந்த நீர் ஆவியாகி, ஆவி என் கண்ணிமையில் உறைந்தது. கட்டுப்பாட்டு அறைக்கு வாக்கி-டாக்கியில் வால்வை மூடச் சொன்னபோது வாய் குழறியது. குளிராலா வெட்கத்தாலா தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பகல் முழுக்க நீராவிக் குழாயும் கடப்பாரையுமாக நான்கு பேர் அந்தக் கட்டியை உடைத்தோம். உருகிய நீர் இரண்டடி தள்ளி ஓடி மறுபடி உறைந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

உடைக்கும்போது அந்த மூத்தவர் சொல்லிக்கொண்டே வந்தார். மைனஸ் 32 எல்லாம் ஒன்றுமே இல்லையாம். 1936 பிப்ரவரி 15 அன்று பார்ஷல் என்ற ஊரில் மைனஸ் 51. அதே ஆண்டு ஜூலை 6 அன்று ஸ்டீல் என்ற ஊரில் 49 டிகிரி வெயில். இரண்டும் இன்றுவரை வடக்கு டகோட்டாவின் சாதனைகள். ஒரே மாநிலம், ஒரே வருஷம், நூறு டிகிரி வித்தியாசம். 1997-ஐப் பற்றியும் சொன்னார். அந்தக் குளிர்காலத்தில் எட்டு பிளிஸார்டுகள். கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர்ப் பத்திரிகை ஒவ்வொன்றுக்கும் பெயரே வைத்ததாம். அத்தனை பனியும் ஏப்ரலில் உருகியது. ரெட் ரிவர் வடக்கு நோக்கி ஓடும் ஆறு. தெற்கே உருகிய நீர் வந்து சேரும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். அந்த ஊரே மூழ்கியது. "குளிர் யாரையும் ஏமாற்றாது. சூடு வந்தால்தான் எதையும் நம்ப முடியாது" என்றார். தண்ணீர் நின்றதை நம்பி ஏமாந்தவனிடம் இதைச் சொன்னதில் ஏதும் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

சனிக்கிழமை தென்காற்று திரும்பியது. ஞாயிறு மதியம் மைனஸ் 3. ஆலை வாசலில் ஆட்கள் டி-ஷர்ட்டோடு நின்று சிகரெட் பிடித்தார்கள். கூரையிலிருந்து சொட்டியது. யார்டு மேற்பார்வையாளர் மட்டும் குவியலின் மேல் ஏறி நீளமான வெப்பமானிக் கம்பியை ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நின்று, கம்பியை உருவி, மறுபடி குத்தினார். கீழே இறங்கி வந்தபோது எப்படி என்று கேட்டேன். கட்டைவிரலை உயர்த்தினார். வியாழன் இரவு என் குழாயை உறைய வைத்த அதே குளிர், அவர் குவியலின் வயிறுவரை போய்ச் சேர்ந்திருந்தது.

அன்று இரவு நான் ஒரு சின்ன வேலை செய்தேன். எந்தத் தொட்டியின் மட்டமாவது பத்து நிமிடம் கொஞ்சமும் அசையாமல் இருந்தால் மணி அடிக்க வேண்டும் என்று நிரலில் எழுதிச் சேர்த்தேன். நான்கே வரி. எழுதி முடித்துத் திரையைப் பார்த்தேன். 61.4, 62.3, 61.9, 62.6. கோணல்மாணலாக ஓடிக்கொண்டிருந்தது. சரி என்று டீ போட எழுந்தேன்.