யாக்கோபு இரண்டாம் அதிகாரம்

போன மாதம் நம் விடுதி வார்டன் சார் காலமான செய்தி வந்தது. பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுது என்று கேட்டபோது, காலை மணி, ஸ்டடி ஹால், ஞாயிற்றுக்கிழமை வரிசை எல்லாவற்றையும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒரு வாளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் வேதாகம மனனப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம், 26 வசனமும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். அதே வாரம் ஒரு விடியற்காலையில், பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆறாம் வகுப்புப் பையன் காய்ச்சல் வேகத்தில் படுக்கையிலேயே வாந்தி எடுத்துவிட்டான். அறைக்கு லீடர் நான்தான். அவன் என் முகத்தைத்தான் பார்த்தான். "சார்கிட்ட சொல்றேன், நீ ஜெபம் பண்ணிட்டுப் படு" என்று சொல்லிவிட்டு, காலில் படாமல் தாண்டி, சேப்பலுக்கு ஓடினேன். சாரிடம் சொல்லவும் மறந்துபோனேன்.

திரும்பி வரும்போது சார் குழாயடியில் குந்தியிருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுப் போர்வையை அலசிக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீரைக் கொட்டினார், மறுபடி பிடித்தார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார், மறுபடி அலசினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அன்று இரவு ஜெபத்தில், "பரிசு வாங்கினவன் எழுந்து 15, 16 வசனங்களைச் சொல்லட்டும்" என்றார். எழுந்தேன். வஸ்திரமில்லாதவனிடம், "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவனைப் பற்றிய வசனங்கள் அவை. "குளிர்காய்ந்து" வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் தொண்டை அடைத்துக்கொண்டது. விடுதி மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. சார் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "பிரயோஜனமென்ன?" என்று தானே முடித்து என்னை உட்காரச் சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் மேல் எத்தனையோ மரியாதை இருந்தும், இதை மட்டும் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அதோடு அவர் என்னை விட்டுவிடவில்லை. விசுவாசத்தினாலேதான் இரட்சிப்பு என்று பவுல் சொல்லும்போது யாக்கோபு ஏன் கிரியையை, அதாவது நற்செயலைப் பிடித்துக்கொள்கிறார் என்று வகுப்பில் கேட்டேன். கேள்வியில் கொஞ்சம் கோபமும் இருந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரே 1522-இல் தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபைச் சத்தில்லாத வைக்கோல் நிருபம் என்று எழுதியிருக்கிறார் என்றார். அதே லூத்தர் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், உயிருள்ள விசுவாசம் நன்மை செய்யாமல் இருக்கவே முடியாது என்கிறார் என்றும் சொன்னார். அப்புறம் பவுல் எழுதிய கலாத்தியர் 5:6-ஐ எடுக்கச் சொன்னார். அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம். "பவுலும் யாக்கோபும் இந்த இடத்தில் கைகுலுக்கிக்கொள்கிறார்கள்" என்றார்.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையை அவர் நடத்திய விதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். லூக்கா 10-ஐத் திறந்து, சமாரியன் செய்ததையெல்லாம் எண்ணச் சொல்வார். கிட்ட வந்தான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், பராமரித்தான், மறுநாள் இரண்டு பணம் கொடுத்தான். "சரி, அடிபட்டவனிடம் அவன் என்ன பேசினான்?" என்று கேட்பார். தேடுவோம். ஒரு வார்த்தை இருக்காது. அவன் பேசுவதெல்லாம் சத்திரத்தானிடம்தான், அதுவும் பாக்கியைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்று. அந்தத் "திரும்பி வரும்போது" சாருக்கு ரொம்பப் பிடிக்கும். உதவி செய்கிறவன் மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்பார்.

நான் திரும்பிப் போகவில்லை. வெளிநாடு வந்து 31 வருஷம் ஆகிறது. சாரிடம் போனில் பேசும்போதெல்லாம் சபையில் பாடகர் குழுவில் இருக்கிறேன், காணிக்கை அனுப்புகிறேன் என்று வரிசையாகச் சொல்வேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பக்கத்து வீட்டில் யார் இருக்காங்க?" என்பார். எனக்குத் தெரியாது. அடுத்த தடவையும் கேட்பார், அப்போதும் தெரியாது. கடைசி வருஷம்தான் போய்க் கதவைத் தட்டினேன். தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மா. விரல்கள் மடங்கிப்போய், மருந்து பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். மூடியில் பல் தடம் தெரிந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு முறை போகிறேன். சாரிடம் அதைச் சொன்னபோது, "மூடியை லேசா மூடி வச்சிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

சார் படுக்கையில் விழுந்த பிறகும் போன்தான் செய்தேன். "ஜெபிக்கிறோம் சார்" என்றேன். நம் செட்டில் ஊரிலேயே தங்கிவிட்ட மூன்று பேர் முறை வைத்து இரவில் அவரோடு இருந்திருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்றார்கள். அதில் ஒருவனிடம், கடைசி நாட்களில் சாருக்கு என்னவெல்லாம் செய்ய வேண்டியிருந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணும் பெரிசா இல்லடா. போர்வை மாத்தும்போது முழங்கையைத் தாங்கிப் பிடிக்கணும். இல்லேன்னா வலிக்கும்."