மணிமங்கலம்: வலக்கையில் சங்கு ஏந்திய பெருமாள்

ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் போகும்போதெல்லாம் படப்பையில் 'மணிமங்கலம்' என்று போட்ட பலகையைப் பார்ப்பேன். பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும், முன்னால் கம்பெனி பஸ் நிற்கும், அந்த அவசரத்தில் பலகை தாண்டிப் போய்விடும். இப்படியே எட்டு வருஷம். இந்தப் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். "மணிமங்கலம் போலாமாடா?" என்று கேட்டார். தூக்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

முடிச்சூரில் இருக்கிறவர்களுக்கு மணிமங்கலம் என்ற பெயர் புதிதில்லை. 2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மணிமங்கலம், படப்பை, ஆதனூர் ஏரிகள் எல்லாம் நிரம்பி, அடையாற்று வழியாக வரதராஜபுரத்தையும் முடிச்சூரையும் மூழ்கடித்த தண்ணீர் அது. அன்றைக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் வாயில் கோவிந்த நாமம் ஒன்றுதான் வந்தது. தண்ணீர் வந்த திசையில் ஒரு பெருமாள் இருக்கிறார், அவரை ஒருநாள் போய்ச் சேவிக்க வேண்டும் என்று அப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

தாம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள்தான் ஊர். முடிச்சூர் வழியாக மேற்கே போனால் வீட்டு மனை விளம்பரப் பலகைகள் ரொம்ப தூரம் கூடவே வருகின்றன. அப்புறம் சட்டென்று வயல், பனைமரம், ஏரிக்கரை. கரையைப் பார்த்ததுமே அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி ஏரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மறுபடி ஏறினார்.

ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் புரட்டாசிக்கான கூட்டம் என்று பெரிதாக இல்லை. ஊர்க்காரர்கள் ஒரு முப்பது பேர் இருப்பார்கள், பாதிப்பேர் கையில் துளசி மாலை. கர்ப்பகிரகத்தில் பெருமாள் நின்ற திருக்கோலம். மாலைகளுக்கு நடுவே நான் திருமுகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டர் கற்பூரத் தட்டை மேலே தூக்கி, "கையைப் பாருங்கோ, எது எந்தக் கையில இருக்குன்னு பாருங்கோ" என்றார்.

வலக்கையில் சங்கு. இடக்கையில் சக்கரம்.

பெருமாள் என்றால் வலக்கையில் சக்கரம் என்று சின்ன வயதிலிருந்து கண் பழகிவிட்டது. எத்தனை கோயில், எத்தனை காலண்டர் படம். அந்தப் பழக்கத்தில்தான் கண்ணெதிரே இருந்ததைக் கவனிக்காமல் நின்றிருக்கிறேன். பட்டர் தட்டை வலப்பக்கமும் இடப்பக்கமும் மெதுவாகக் கொண்டுபோனார். வெளிச்சம் சங்கின் மேல் பட்டு, திருமார்பைத் தாண்டி, சக்கரத்தில் வந்து நின்றது. "பாரதப் போர்ல ஆயுதம் எடுக்கமாட்டேன்னு வாக்குக் கொடுத்தாரில்லையா, அந்தக் கோலம். எறியற கைக்குச் சக்கரம் எட்டப்படாதுன்னு மாத்தி வச்சுண்டுட்டார்" என்றார். பக்கத்தில் அப்பா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தீர்த்தம் வாங்கக் கை நீட்டியபோது என் கையும் நடுங்கியது. பச்சைக் கற்பூர வாசனையோடு அந்தக் குளிர்ச்சி தொண்டையில் இறங்கியது இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது.

செங்கமலவல்லித் தாயாரைச் சேவித்துவிட்டு வெளியே வந்ததும் கருவறைச் சுவரில் கல்வெட்டு. ஏதோ நாலு வரி இருக்கும் என்று நினைத்துப் போனால், வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. முதலாம் ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் என்று சோழ மன்னர்களின் கல்வெட்டுகள் இந்தச் சுவர்களில் உண்டு. கோயிலுக்குக் கொடுத்த கொடையைப் பதிவு செய்ய வந்தவை, முதலில் மன்னர்களின் போர்களை நீளமாகப் பாடிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகின்றன. அண்ணன் ராஜாதிராஜன் யானை மேலேயே உயிர்விட்ட கொப்பத்துப் போரைத் தம்பி ராஜேந்திரனின் கல்வெட்டு சொல்கிறது. வீரராஜேந்திரனின் கல்வெட்டில் கூடல்சங்கமத்துப் போர். சோழர் வரலாறு எழுதுகிற யாரும் இந்தச் சுவரைத் தொடாமல் எழுத முடியாது. நான் விரலை வைத்துப் பார்த்தேன். 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற தொடக்கம் மட்டும் புரிந்தது. எழுத்துப் பள்ளத்தில் பழைய சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, அதன் மேல் யாரோ தடவிய குங்குமம்.

இந்தக் கல்வெட்டுகளில் கோயிலுக்குப் பெயர் 'வண்துவராபதி'. காமக்கோடி விண்ணகரம் என்றும் ஒரு பெயர். எனக்குப் பிடித்தது முதல் பெயர்தான். துவராபதி என்றால் துவாரகை. மதுரா மேல் ஜராசந்தன் திரும்பத் திரும்பப் படையெடுத்தபோது, தன் ஜனங்களைக் காப்பாற்றக் கண்ணன் கடலோரத்தில் அமைத்த ஊர்.

போர் இந்த ஊருக்குக் கல்வெட்டோடு மட்டும் வரவில்லை. ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டுக்குள் புகுந்தபோது, முதலாம் நரசிம்மவர்மன் அவனை முறியடித்த களங்களில் மணிமங்கலமும் ஒன்று. பல்லவர்கள் வெளியிட்ட கூரம் செப்பேடு பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என்று களங்களைப் பெயர் சொல்லிச் சொல்கிறது. புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி அதில் 'விஜய' என்று நரசிம்மன் எழுதினான் என்கிறது. அதன் பிறகுதான் சாளுக்கியர் தலைநகரான வாதாபி மேல் படையெடுப்பு. இத்தனையும் படித்திருக்கிறேன். ஆனால் ரத்தம் சிந்திய இந்த மண்ணில், போர்க்கதை எழுதிய சுவர்களுக்கு உள்ளே, எறியும் கையிலிருந்து சக்கரத்தை எடுத்துவிட்டுச் சங்கோடு ஒருவர் நிற்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிரகாரத்தில் அதையே நினைத்துக்கொண்டு எத்தனை சுற்று வந்தேன் என்று எண்ணவில்லை.

அடுத்து தர்மேஸ்வரர் கோயில். நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. எதிர்த் திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டி, "செத்த உக்காருப்பா, சாவி வரும்" என்று சொல்லி ஒரு பையனை அனுப்பினார். கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. தருமபுத்திரர் வழிபட்ட லிங்கம் என்பது தலபுராணம். அம்பாள் வேதாம்பிகை. பெருமாள் கோயிலில் பாரதப் போர்க் கோலத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்து தருமர் பெயரில் சிவனைக் கும்பிடும்போது, ஒரே கதையின் இரண்டு பக்கம் மாதிரி இருக்கிறது. அவசியம் விமானத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்னால் சுவர் அரைவட்டமாக வளைந்து, யானை படுத்திருக்கும்போது அதன் முதுகு எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. தூங்கானை மாடம் என்பார்கள். அந்த வளைவில் வெயில் ஏறியிருந்தது. அப்பா உள்ளங்கையை வைத்து, "சூடா இருக்குடா, உசுரோட இருக்கிற மாதிரி" என்றார்.

கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் இதே ஊரில் இருக்கின்றன. நேரமாகிவிட்டதால் வெளியிலிருந்தே கும்பிட்டோம். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் நடை சாத்திவிடுவார்கள். பூ, துளசி கையோடு கொண்டுபோவது நல்லது. நல்லெண்ணெய் கொஞ்சம் வாங்கிக் கொடுத்தால் விளக்குக்கு ஆகும். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளைகள் எத்தனையோ ஆயிரம் பேர் இந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார லீவு நாள் காலை போதும், இதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திரும்பும்போது ஏரிக்கரையில் மறுபடி நின்றோம். தண்ணீர் பாதிக்குத்தான் இருந்தது, நடுவில் நாரைகள். அப்பா மடியிலிருந்து பிரசாதத் துளசியை எடுத்து ஒரு இலையை ஏரியில் போட்டார், ஒன்றை என் சட்டைப் பையில் வைத்தார். "ஐப்பசி மழை வரட்டும், ரொம்பினதும் அம்மாவைக் கூட்டிட்டு வருவோம்" என்றார்.